தீர்ப்பும் இரக்கமும்

நடுநின்று தீர்ப்பளிப்பவனை உலகம் போற்றுகின்றது. பிழை பொறுத்து இரங்குபவனையும் அவ்வாறே போற்றுகின்றது. ஆயின், ஒரே வழக்கில் ஒருவனே இவ்விரண்டையும் செய்தல் கூடுமா என்னும் வினா எழுங்கால் சிந்தனை தடுமாறுகின்றது. தீர்ப்பு முற்றும் நிறைவேறின் இரக்கத்திற்கு இடமில்லை. இரக்கம் முற்றும் நிறைவேறின் தீர்ப்புக்குப் பொருளில்லை. அறநூலாரை அன்றுதொட்டு வருத்திய சிக்கல் இது.

தமிழ் மரபு இச்சிக்கலை நன்கறியும். வள்ளுவர் செங்கோன்மையை 55ஆம் அதிகாரமாகவும், கண்ணோட்டத்தை 58ஆம் அதிகாரமாகவும் வைத்தார். முன்னதில், கொடியோரை ஒறுத்தல் பயிரைக் காக்கக் களையெடுப்பது போன்றது என்றார். பின்னதில், கண்ணோட்டம் உள்ளதனாலேயே உலகியல் நிலைபெறுகின்றது என்றார். பெரிய புராணத்து மனுநீதிச் சோழன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான். புறநானூற்றின் 46ஆம் பாட்டிலோ, பகைவன் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் தடுத்து நிறுத்துகின்றார். ஒன்றை நீதிக்கும் மற்றொன்றை அருளுக்கும் சான்றாக ஆசிரியர் வகுப்பில் எடுத்துரைப்பர். இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கும் மாணவன், எது பேரறம் என்று வினவுவானாயின், அவ்வினா எளிதில் விடுக்கத்தக்கதன்று.

கிறித்தவத் திருமறையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. இங்கே நீதியும் அருளும் இருவேறு மன்னருக்கு உரியன அல்ல. ஒரே இறைவனுக்கு உரியன. இஃது இறையியல் அறிஞரின் ஏட்டளவில் நின்றுவிடும் வினாவும் அன்று. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் எதிர்ப்படும் ரிங்லெட் போன்ற தோட்டப்புற ஊர்களில், மலை சரியும்போதும் வெள்ளம் புகும்போதும், வீட்டு வாசலில் வந்து நிற்கும் வினா அது.

ஒரு பெயரின் இரு பாதி

யாத்திராகமத்தின் 34ஆம் அதிகாரத்தில் இறைவன் தம் இயல்பைத் தாமே மோசேக்கு அறிவிக்கின்றார். தாம் இரக்கமும் கிருபையும் உடையவர், சினம் கொள்ளத் தாழ்ப்பவர், அக்கிரமத்தை மன்னிப்பவர் என்று தொடங்கும் அவ்வறிவிப்பு, அதே மூச்சில், குற்றவாளியைக் குற்றமற்றவனாக விட்டுவிடாதவர் என்றும், தந்தையர் தீமையைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிப்பவர் என்றும் முடிகின்றது. மன்னிப்பவர், விட்டுவிடாதவர் என்னும் இரண்டும் ஒரே பெயரின் இரு பாதிகளாக நிற்கின்றன.

இம்முரணை எளிதில் தீர்க்க முயன்றோர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்சியன் என்பார், பழைய ஏற்பாட்டில் தண்டிக்கும் கடவுள் வேறு, இயேசு அறிவித்த அன்புத் தந்தை வேறு என்று இரண்டாகப் பகுத்தார். கி.பி. 144-இல் உரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. அவர் கூற்றைத் திருமறையே மறுக்கின்றது. எரியும் நரகத்தைப் பற்றிய கடுஞ்சொற்களுள் பல இயேசுவின் வாயிலிருந்தே வருகின்றன. பழைய ஏற்பாட்டிலோ, தந்தையர் தின்ற புளித்த திராட்சையால் பிள்ளைகளின் பல் கூசிற்று என்னும் பழமொழியை இனிச் சொல்லலாகாது என்று எசேக்கியேல் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் மறுத்து, துன்மார்க்கனின் சாவில் இறைவன் மகிழ்வதில்லை என்றும் முழங்குகின்றார். நீதியை ஒரு நூலிலும் இரக்கத்தை மற்றொரு நூலிலும் வைத்துக் கட்ட இயலாது என்பது இதனால் புலனாகும்.

ஒரு நகரம், இரு நூல்கள்

அவ்விரு பாதிகளும் வரலாற்றில் எங்ஙனம் செயற்பட்டன என்பதற்கு நினிவே நகரம் தக்க சான்றாகும். அசீரியப் பேரரசின் தலைநகராக விளங்கிய அந்நகரின் பெயர் அண்டை நாட்டாருக்கு நடுக்கம் தருவதாக இருந்தது. கி.மு. 722-இல் இசரயேலின் வடநாட்டுத் தலைநகரமான சமாரியா வீழ்ந்தது அசீரியரால் என்பது வரலாறு.

இந்நகருக்கு 40 நாளில் அழிவு வரும் என்று அறிவிக்க அனுப்பப்பட்டவர் யோனா. நகரத்தார் மனம் திரும்பினர்; அழிவு நீங்கிற்று. தீர்க்கதரிசிக்கோ கடுஞ்சினம் மூண்டது. நீர் இரக்கமுள்ளவர் என்பதை முன்னரே அறிந்தன்றோ ஓடிப்போனேன் என்னும் பொருள்பட, மோசேக்கு அறிவிக்கப்பட்ட அதே பெயரை அவர் இறைவனிடம் குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொல்கின்றார். அங்ஙனம் சொல்லுங்கால் இரக்கமாகிய முதற்பாதியோடு நிறுத்திக்கொள்கின்றார். நாகூம் என்னும் மற்றொரு தீர்க்கதரிசியின் நூல் அதே நினிவேயின் வீழ்ச்சியைப் பாடுகின்றது. அவரும் அதே பெயரையே எடுத்தாள்கின்றார். ஆனால், குற்றவாளியை விட்டுவிடாதவர் என்னும் பிற்பாதியை வற்புறுத்துகின்றார். கி.மு. 612-இல் நினிவே வீழ்ந்தது.

யோனாவின் நூல், ஒரு இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களும் மிகுதியான விலங்குகளும் வாழும் நகருக்காக யாம் பரிவு கொள்ளலாகாதா என்னும் பொருளுடைய இறைவனின் வினாவோடு முடிகின்றது. நாகூமின் நூலோ, உன் கொடுமை யாரைத்தான் தீண்டாமல் விட்டது என்னும் பொருளுடைய வினாவோடு முடிகின்றது. முதல் வினா நினிவேயில் வாழும் குழந்தைகளை நினைந்து எழுவது. இரண்டாம் வினா நினிவேயால் குழந்தைகளை இழந்தோர் சார்பில் எழுவது. இரண்டுமே இரக்கத்தின் வினாக்கள். பிழை செய்தோனை நோக்கும் இரக்கம் மன்னிப்பாகின்றது. பிழைக்கு ஆளானோனை நோக்கும் இரக்கம் தீர்ப்பாகின்றது. எந்த முகத்தை நோக்கி நிற்கின்றது என்பதே வேறுபாடு.

கிறித்தவத் திருமறையின் வரிசையில் இவ்விரு நூல்களுக்கும் இடையே மீகாவின் நூல் அமைந்துள்ளது. மாந்தரிடம் இறைவன் கேட்பது யாது என்று வினவும் அந்நூலின் 6ஆம் அதிகாரம், நியாயம் செய்தலையும் இரக்கத்தை விரும்புதலையும் ஒருங்கே கூறி, மனத்தாழ்மையோடு நடத்தலை மூன்றாவதாகச் சேர்க்கின்றது. யோனாவுக்கும் நாகூமுக்கும் நடுவே இச்சொல் அமைந்தது சாலப் பொருத்தமுடைத்து.

சொல் காட்டும் பொருள்

தீர்ப்பு என்றவுடன் தண்டனையே பலர் நினைவுக்கு வருகின்றது. தமிழ்ச் சொல் அதனினும் விரிந்த பொருளுடையது. நோய் தீர்தல், கடன் தீர்த்தல், குறை தீர்த்தல், வழக்குத் தீர்த்தல் ஆகிய அனைத்தும் ‘தீர்’ என்னும் ஓர் அடியிலிருந்தே பிறந்தவை. குறை தீராத தீர்ப்பு, தீர்ப்பு என்னும் பெயருக்குத் தகுதியுடையதன்று.

எபிரேயத் திருமறையின் வழக்கும் இதனை ஒத்ததே. நியாயாதிபதிகள் என்னும் நூலில் வரும் தலைவர்களுட் பெரும்பாலோர் மன்றத்தில் அமர்ந்து வழக்குக் கேட்டவர் அல்லர். ஒடுக்கப்பட்ட மக்களை விடுவித்தவர். இறைவன் உலகை நியாயந்தீர்க்க வருகின்றார் என்பதற்காக மரங்கள் களிகூர்வதாகவும் ஆறுகள் கைகொட்டுவதாகவும் 96, 98ஆம் சங்கீதங்கள் பாடுகின்றன. அச்சம் தரவேண்டிய செய்தி அங்கே விழாவாகின்றது. ஏனெனின், நெடுங்காலம் நீதி கிட்டாதவனுக்குத் தீர்ப்பு நாளினும் நற்செய்தி பிறிதில்லை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண், அநீதியுள்ள நடுவனிடம் ஓயாது சென்று கேட்பது நியாயத்தையே.

இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லாகிய ‘ரஹமீம்’, கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்னும் சொல்லோடு உறவுடையது. மலேசிய மண்ணில் நாடோறும் கேட்கப்படும் ரஹ்மான், ரஹீம் என்னும் அரபுச் சொற்களும் இவ்வேரின் கிளைகளே. தன் வயிற்றில் பிறந்தோருள் ஒருவன் மற்றவனை அடித்தால், தாய் என் செய்வாள்? அடிபட்டவனை அணைப்பாள், அடித்தவனைக் கண்டிப்பாள், இருவரையும் வீட்டைவிட்டு அகற்ற மாட்டாள். அவள் கண்டிப்பும் அணைப்பும் இரண்டு உள்ளங்களிலிருந்து வருவன அல்ல.

சீலோவாம் கோபுரமும் மலைச்சரிவும்

இக்கருத்து வாழ்வில் சோதிக்கப்படும் இடம் பேரிடர். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியை இயேசு எடுத்துரைக்கின்றார். மாண்டவர் நகரத்தார் அனைவரினும் பெரிய குற்றவாளிகளா என்று வினவி, அல்லர் என்று அவரே விடை கூறுகின்றார். அதனோடு நில்லாது, கேட்டுக்கொண்டிருப்போர் மனந்திரும்ப வேண்டும் என்கின்றார். இறந்தோரின் கணக்கை மூடிவிட்டு, உயிரோடிருப்போரின் கணக்கை அவர் திறக்கின்றார்.

ரிங்லெட்டில் இப்பகுதியைப் படிப்போர் எளிதில் கடந்துசெல்ல இயலாது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தோற்றுவித்த போ தேயிலைத் தோட்டம் முதலியவற்றால் உருப்பெற்ற மலைப்பகுதி இது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் வாழ்ந்த மண். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை இவ்வூரை ஒட்டியுள்ளது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் இருள் விலகுமுன், பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் ஆறு கரைபுரண்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளுள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் அழிந்தன. அடுத்த ஆண்டு நவம்பரிலும் இப்பகுதியில் மண்சரிவும் சேற்று வெள்ளமும் உயிர்ப்பலி கொண்டன. மேல்மலைகளில் காடு அழிக்கப்பட்டு மண் வெட்டவெளியானதும், அம்மண் ஆறுகளில் இறங்கி அணைநீர்த் தேக்கத்தைத் தூர்த்ததும் அப்போது பரவலாகப் பேசப்பட்டன.

இத்தகைய வேளைகளில் உலகெங்கும் இரண்டு சொற்கள் எழுதல் இயல்பு. இஃது இறைவன் அளித்த தண்டனை என்பது ஒன்று. எல்லாம் இறைவன் சித்தம். மன்னித்து மறந்துவிடுக என்பது மற்றொன்று. முதற்சொல் தீர்ப்பின் பெயரால் வருகின்றது. இரண்டாம் சொல் இரக்கத்தின் பெயரால் வருகின்றது. இரண்டும் அநீதியானவை. இடரைத் தண்டனை என்போர், மாண்டவர்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்துகின்றனர். அத்துடன், மலையை வெட்டிய கைகளையும் காவலில் தவறிய கண்களையும் வினவாமலே விட்டுவிடுகின்றனர். மறந்துவிடுக என்போர், தமக்கு உரிமையில்லாத மன்னிப்பைத் துன்புற்றோர் சார்பில் வழங்கிவிடுகின்றனர். சீலோவாம் பற்றிய மொழி இவ்விருவரையும் தடுக்கின்றது. மாண்டவரைக் குற்றம் சாட்டாதே என்பது அதன் இரக்கம். உயிரோடிருக்கும் நீ உன் வழியை மாற்று என்பது அதன் தீர்ப்பு.

கவாத்தும் கருணையும்

துன்பத்தை அருளாகக் காணும் விடையும் ஒன்றுண்டு. சைவ சித்தாந்தம் அதனை மறக்கருணை என்று வழங்கும். சொற்கேளாத மக்களைப் பெற்றோர் அடித்துத் திருத்துவதும் அன்பே ஆவதுபோல, இறைவன் ஒறுத்தலும் அருளே என்று அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் நிறுவுகின்றார். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், கனிதரும் கொடியை மேலும் கனிதருவதற்காகத் தோட்டக்காரர் கத்தரித்துத் தூய்மை செய்கின்றார் என்னும் உருவகம் இக்கருத்துக்கு நெருங்கியது.

தேயிலைத் தோட்டத்தார்க்கு இவ்வுருவகம் விளக்கவேண்டாதது. வெட்டாமல் விடப்பட்ட தேயிலை மரமாக ஓங்கிவிடும். கைக்கெட்டும் மட்டத்தில் கொழுந்து கிடையாது. ஆதலின், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டிக் கவாத்துச் செய்கின்றனர். வெட்டிய நிரை, இலையற்ற குச்சிகளாய், தீப்பட்ட காடுபோல் தோன்றும். திங்கள் சில கழியுமுன் அக்குச்சிகளே துளிர்க்கும். வெட்டியது பகையன்று என்பது அப்போது விளங்கும்.

ஆயினும், இவ்வுவமைக்கு எல்லை உண்டு. கவாத்துக் கத்தியைப் பிடித்திருப்பவன் செடியை அறிந்தவன். எவ்வளவு வெட்டினால் பிழைக்கும் என்பதை அளந்து வெட்டுபவன். வேரோடு சரிந்த செடியைக் கவாத்துச் செய்யப்பட்டது என்று எவரும் கூறார். தன் மக்கள் அனைவரையும் ஒரே நாளில் இழந்த யோபுவிடம், இது திருத்தத்திற்காக வந்தது என்றும் குற்றத்திற்காக வந்தது என்றும் நண்பர்கள் வாதிட்டனர். அந்நூலின் இறுதியில் இறைவன் சினந்தது வினவிய யோபுவின்மேல் அன்று. விளக்கம் கூறிய நண்பர்மேல். தன் துன்பத்தைக் கவாத்து என்று ஒருவன் தானே உணர்ந்து கூறலாம். பிறன் துன்பத்தைச் சுட்டி அங்ஙனம் கூறுதல் எவருக்கும் உரியதன்று.

பரிந்து பேசுவோன்

சீலோவாம் செய்தியை அடுத்து, அதே அதிகாரத்தில், இயேசு ஓர் உவமை கூறுகின்றார். தோட்டத்தில் நட்ட அத்திமரம் மூன்றாண்டாகக் கனி தரவில்லை. வெட்டிவிடு என்கின்றான் உடையவன். தோட்டக்காரனோ, இவ்வாண்டும் விட்டுவைக்க வேண்டும்; சுற்றிலும் கொத்தி எருவிடுவேன்; கனி கொடுத்தால் சரி; கொடாவிடின் பின்னர் வெட்டலாம் என்னும் கருத்துப்பட வேண்டுகின்றான்.

தோட்டக்காரன் மரம் குற்றமற்றது என்று வாதிடவில்லை. தீர்ப்புத் தவறு என்றும் கூறவில்லை. அவன் வேண்டுவது காலம். அக்காலத்திற்கு ஈடாக அவன் தருவது தன் உழைப்பு. இரக்கம் என்பது இங்கே கண்ணை மூடிக்கொள்ளுதல் அன்று. மண்வெட்டியைக் கையில் எடுத்தல். தவணைக்கு எல்லையும் உண்டு. ஓராண்டு என்று அவனே வரையறுக்கின்றான். தீர்ப்பு நீக்கப்படவில்லை, தீர்ப்புக்கும் வெட்டுக்கும் இடையே ஒருவனின் வியர்வை வந்து நிற்கின்றது.

திருமறையில் பரிந்து பேசுவோர் அனைவரும் இவ்வாறே நிற்கின்றனர். சோதோமுக்காக வழக்காடிய ஆபிரகாம், 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை இறங்கி வருகின்றார். அவர் இரக்கத்தைக் கேட்பது நீதியின் பெயராலேயே. உலகனைத்திற்கும் நடுவராயுள்ளவர் நல்லோரைத் தீயோரோடு அழிக்கலாகாது என்பதே அவர் வாதம். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மன்றாடிய மோசே, மன்னியாவிடில் தம் பெயரையும் ஏட்டிலிருந்து நீக்கிவிடுமாறு வேண்டுகின்றார். கோவூர் கிழாரும் கிள்ளிவளவனுக்குப் புதிய அறம் எதனையும் புகட்டவில்லை. புறாவின் துயர் துடைத்த முன்னோன் மரபில் வந்தவன் அவன் என்பதையே நினைவூட்டினார். நடுவனின் இயல்பைக் கொண்டே நடுவனிடம் வழக்காடுவது இரு மரபுக்கும் பொதுவான நெறி.

கிறித்தவ நம்பிக்கையின் நடுவில் நிற்கும் சிலுவையும் இந்நெறியின் முடிவாகவே கருதப்படுகின்றது. தீர்ப்பின் விலையைத் தீர்ப்பளிப்பவரே ஏற்றுக்கொண்டார் என்பது அதன் உட்பொருள். குற்றமற்ற ஒருவர் பிறர்க்காகத் துன்புறுதல் எங்ஙனம் நீதியாகும் என்னும் தடை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. கேண்டர்பரி அன்செல்ம் முதலாக விடையிறுத்தோர் பலர். விடைகள் ஒருபடித்தானவை அல்ல. மனுநீதிச் சோழன் கதையை அறிந்த தமிழ் வாசகனுக்கு இதன் ஒரு கூறேனும் அயலானதன்று. பசுவுக்கு நீதி மறுக்கவும் அவனால் இயலவில்லை. அதன் விலையைப் பிறர் தலையில் சுமத்தவும் மனம் ஒப்பவில்லை. ஒப்புமை முழுதும் பொருந்தாது. எனினும், நீதியை மலிவாக்காமல் இரங்க விழைபவன் இழப்பைத் தானே தாங்க வேண்டும் என்னும் உண்மை இரண்டிலும் ஒன்றே.

தமிழில் இவ்வுண்மையைப் பெருங்காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவ மரபில் பிறந்து கிறித்தவரான அவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தவர். ஜான் பன்யனின் நூலைத் தழுவி 1894-இல் அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், அழிவுக்குரிய நகரைவிட்டு அஞ்சி ஓடும் ஒருவனின் பயணத்தைப் பாடுகின்றது. தீர்ப்பின்மேல் கொண்ட அச்சம் அப்பயணத்தின் தொடக்கம். அருள் அதன் முடிவு. இரண்டும் எதிரெதிர்ச் சாலைகள் அல்ல, ஒரே சாலையின் இரு முனைகள் என்பதை அக்காப்பியம் உணர்த்துகின்றது.

இரக்கமே வழக்கு

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு வருணிக்கப்படுகின்றது. அங்கே கேட்கப்படும் கேள்விகள் யாவை? பசித்தோர்க்கு உணவளித்தாயா, தாகமுற்றோர்க்கு நீர் தந்தாயா, அந்நியனை ஏற்றாயா, நோயுற்றோனையும் சிறைப்பட்டோனையும் கண்டாயா என்பனவே. தீர்ப்பு மன்றத்தில் விசாரிக்கப்படும் வழக்கே இரக்கம்தான். பெருங்கடன் மன்னிக்கப்பெற்ற வேலைக்காரன், தனக்குச் சிறுகடன் பட்டவனின் தொண்டையை நெரித்தமையால் மன்னிப்பை இழந்த கதையும் (மத்தேயு 18) இதனையே வற்புறுத்தும். இரக்கமற்றோர்க்கு எதிராகக் கடுந்தீர்ப்பு வருவது, இரக்கத்திற்கு முரணன்று. இரக்கத்தைக் காக்கும் வேலி.

நீதியும் இரக்கமும் ஒரு மனித வாழ்வில் இணையக்கூடும் என்பதற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சான்றாவார். கத்தோலிக்கரான அவர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய இடங்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகள் எளியோர்க்கு எட்டாமையைக் கண்டு, அவற்றைச் சுருக்கித் தமிழில் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில், ஓய்வுபெற்ற அந்நீதிபதி கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர் உயிர் காத்தார். அவர் நீதிமன்றத்தில் ஒருவராகவும் கஞ்சித்தொட்டியருகே வேறொருவராகவும் இருந்தார் என்று யாரும் கருதுவதில்லை. எளியோனுக்குச் சட்டத்தை அவன் மொழியில் தந்த கையே அவனுக்குக் கஞ்சியையும் வார்த்தது.

ஆகவே, தீர்ப்பா இரக்கமா என்று வினவுவதினும், யாருக்குத் தீர்ப்பு, யாரிடத்தில் இரக்கம், அதற்காக உழைப்பவர் யார் என்று வினவுதல் பொருளுடைத்து. ஆற்றங்கரையில் வீடிழந்தவனுக்கு நீதி கிட்டச் செய்தலும் இரக்கமே. தவறு செய்தவன் திருந்துவதற்குக் காலம் தருதலும் நீதிக்குப் புறம்பன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் இரண்டையும் இழக்கின்றனர்.

அத்திமரத்தின் கதையை இயேசு முடிக்கவில்லை. அம்மரம் அடுத்த ஆண்டில் காய்த்ததா, வெட்டுண்டதா என்பது கூறப்படவில்லை. தோட்டக்காரன் கேட்ட தவணையும், அவன் ஏற்றுக்கொண்ட வேலையுமே கூறப்படுகின்றன. கதையைக் கேட்போர்க்குத் தெரியவேண்டியது அவ்வளவே.